தினமும் டைரியா, நாலே நாள் கொட்டித் தீர்ப்பதா?

ஜனவரி வந்தால் வீட்டுக்கு இரண்டு மூன்று டைரிகள் ஓசியில் வந்துவிடும். நகைக்கடையில் ஒன்று, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கையால் ஒன்று. என் அலமாரியில் கிடக்கும் பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றின் கதையும் ஒன்றுதான். 1-ம் தேதி முத்து முத்தான கையெழுத்தில் முழுப் பக்கம், 9-ம் தேதி நாலு வரி, 12-ம் தேதி "நேற்று எழுத முடியவில்லை", பொங்கலுக்கு அப்புறம் பால் கணக்கு. தினமும் எழுதினால் மனசு லேசாகும் என்று சொன்னவர்களை நம்பித்தான் ஒவ்வொரு வருஷமும் ஆரம்பித்தேன். நின்றுபோனதற்கு என் சோம்பல்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. "எழுதுவது" என்ற ஒரே பெயரில் நாலு வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. எனக்குத் தேவைப்பட்டது ஒன்று, நான் செய்துகொண்டிருந்தது இன்னொன்று.

தேதி போட்டு எழுதும் நாட்குறிப்பு, மனசில் அடைத்துக்கொண்டிருப்பதைக் கொட்டித் தீர்க்கும் எழுத்து, நன்றிப் பட்டியல், படுக்கப் போகுமுன் எழுதும் நாளைய வேலைப் பட்டியல். இந்த நாலையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சிக்காரர்களும் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள்.

கொட்டித் தீர்ப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சொல்வதற்கு அதில்தான் நிறைய இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து 4 நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு ஏதோ சாதாரண விஷயத்தை எழுதியது. மற்றவர்கள் வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுதினார்கள். அவர்களிலும் ஒரு குழு நடந்ததை மட்டும் எழுதியது, இன்னொன்று உணர்ச்சியை மட்டும், மூன்றாவது இரண்டையும் சேர்த்து. நடந்ததையும் அது தந்த வலியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. வெறும் சம்பவத்தை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வெளியில் யாரும் பெரிதாகச் சொல்லாத இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. எழுதி முடித்த கையோடு அவர்கள் மனசு லேசாகவில்லை, இன்னும் கனத்துத்தான் போனது.

இதை நான் படித்தது பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேச்சு முறிந்திருந்த சமயம். பெட்டிக் கடையில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் நாள் எழுதியதில் அவர் பெயரே இல்லை. "அவன்", "அந்த ஆள்" என்று பக்கம் பக்கமாக ஒரு குற்றப் பத்திரிகை. இரண்டாம் நாளும் அதேதான், காரம் மட்டும் கூடியிருந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை, இதென்ன வேண்டாத வேலை என்று நோட்டைத் தூக்கி எறியப் பார்த்தேன். மூன்றாம் நாள் எங்கிருந்தோ அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்கள் வந்துவிட்டன. பதினேழு ராத்திரி வராந்தா பெஞ்சில் படுத்துக் கிடந்தது யார் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். நாலாம் நாள் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், அந்த இடத்தில் "அவன்" போய் "அண்ணன்" வந்திருந்தது. அதற்கு அடுத்த வரி "ஏன்னா" என்று ஆரம்பித்தது.

பிற்பாடு பென்னிபேக்கர், இப்படி எழுதியவர்களின் சொற்களைக் கணினியில் போட்டு எண்ணினார். "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" மாதிரியான சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்திருந்தது. நான், அவன், நாங்கள் என்று பேசும் கோணத்தை மாற்றி மாற்றி எழுதியவர்களுக்கும் அப்படியே. வேலை போன பொறியாளர்களை இதே முறையில் எழுதவைத்த 1994 ஆய்வில், வேலை போனதைப் பற்றி மனம் திறந்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் அடுத்த வேலையில் சேர்ந்தார்கள். கோபத்தை எழுதித் தீர்த்துவிட்டதால் இன்டர்வியூவில் பழைய முதலாளியைத் திட்டாமல் இருந்திருப்பார்கள் என்பது என் கணக்கு.

ஆனால் இது சர்வரோக நிவாரணி கிடையாது. 2006-ல் 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், பலன் உண்டு, ஆனால் சின்னது என்றுதான் தெரிந்தது. 2013-ல் வந்தது அதைவிட முக்கியம். கணவன் மனைவி பிரிந்த புதிதில் இருந்தவர்களை எழுதவைத்தார்கள். நடந்ததையே திருப்பித் திருப்பி அசைபோடும் சுபாவம் உள்ளவர்களுக்கு, உணர்ச்சியைக் கொட்டி எழுதியது கெடுதலாக முடிந்தது. அதே சுபாவக்காரர்களில், அன்றைய பொழுதை எப்படிக் கழித்தோம் என்று சும்மா எழுதியவர்கள் தேறியிருந்தார்கள். எழுத ஆரம்பித்தால் தாங்க முடியாது என்று தோன்றினால் அந்த விஷயத்தை எழுதாதீர்கள் என்று பென்னிபேக்கரே சொல்வார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நிலையில் நோட்டுப் புத்தகம் உதவாது. டாக்டரிடம் போக வேண்டும், அல்லது 14416-ல் அரசின் மனநல உதவி மையமான டெலி மனாஸுக்கு போன் செய்ய வேண்டும். தமிழிலேயே பேசலாம்.

அந்த "சும்மா எழுதியவர்கள்" என்ற வார்த்தையில்தான் எனக்கு அப்பாவின் டைரிகள் ஞாபகம் வந்தன. முப்பது வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினார். ஒரு நாளுக்கு மூன்று வரிக்கு மேல் போகாது. மழை, கரண்ட், பஸ், யார் வந்தார்கள், என்ன செலவு. பாட்டி இறந்த நாளின் பக்கம் இப்படி இருக்கிறது: "அம்மா தவறினாள். நல்ல மழை. பால் 2 லிட்டர் கூடுதல்." சின்ன வயசில் இதைப் படித்துவிட்டு மனுஷனுக்கு ஈரமே இல்லையா என்று கோபப்பட்டிருக்கிறேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போட வாங்கிய பால் அது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த நாளைக் கடந்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

தமிழில் நாட்குறிப்பு என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை இல்லாமல் முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்தவர், 1736-லிருந்து 1761 வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு விலை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார் என்று பெரும்பாலும் கணக்குப்பிள்ளை பாணிதான். ஆனால் துய்ப்ளேக்ஸின் மனைவி பற்றி வரும் இடங்களில் ஆற்றாமை பொத்துக்கொண்டு வரும். கொட்டித் தீர்க்க வேறு இடம் அவருக்கு இல்லை போலும்.

தினசரிக் குறிப்பின் நிஜமான லாபம் ஆறுதல் இல்லை, தெளிவு. இரண்டு மாதம் மூன்று வரி எழுதிவிட்டுப் புரட்டினால் கண்ணில் படும் விஷயங்கள் வேறு எப்படியும் தெரியாது. என் தலைவலி வெயிலால் வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டைரியைப் பார்த்தால் எல்லாம் மாதக் கடைசி, ஆபீஸில் கணக்கு முடிக்கும் வாரம். அதே டைரியில் தினமும் ஒரே ஆளைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தால் புண்ணைச் சொறிகிற கதைதான். அந்தத் திட்டை நாலு நாள் நோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நன்றிப் பட்டியலுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து விஷயம் எழுதியவர்கள் மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்ததாக 2003-ல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் எழுதினார்கள். அடுத்து வந்த ஒரு சோதனையில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தினமும் எழுதினால் அது ஸ்ரீராமஜெயம் எழுதுவது மாதிரி ஆகிவிடும், கை எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். "நல்ல குடும்பம்" என்று எழுதுவதைவிட, "பஸ்ஸில் சில்லறை இல்லாதபோது கண்டக்டர் போகட்டும் விடு என்றார்" என்று எழுதினால் கொஞ்சம் ஒட்டும்.

நாலாவது, ராத்திரிப் பட்டியல். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், 2018-ல் வெளியானது. படுக்குமுன் 5 நிமிஷம், பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், பாதிப் பேர் செய்ய வேண்டியவற்றை. நாளைய வேலையை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிப் போனார்கள். நாளை செய்ய வேண்டியதை எழுதினால் கவலை கூடும் என்றுதான் நான் நினைத்திருப்பேன். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "பேங்க் வேலை" என்றால் போதாது, "ஆதார் ஜெராக்ஸ் எடு, பதினொரு மணிக்குள் பேங்க், டோக்கன் வாங்கு" என்று எழுத வேண்டும். தூக்கம் வராததுதான் உங்கள் பிரச்சினை என்றால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதில் ஆரம்பிக்கலாம்.

காகிதமா, செல்போனா என்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் யார் படிப்பார்கள் என்பதுதான். அடுத்தவர் டைரியைப் படிக்கக் கூடாது என்ற பழக்கம் நம் வீடுகளில் கிடையாது. புடவை அடுக்குக்கு அடியில் வைத்ததையும் எடுத்துப் படித்துவிட்டு, அப்புறம் அதையே வைத்துச் சண்டை போடுவார்கள். பயந்து பயந்து எழுதினால் உண்மை வராது. மூன்று வரி தினசரிக் குறிப்புக்கு பூட்டுப் போட்ட போன் தாராளம், தேடிப் பார்க்கவும் வசதி. கொட்டித் தீர்ப்பதற்கு என் ஓட்டு காகிதத்துக்குத்தான், கிழித்துப் போடலாம் என்பதால். என் 40 பக்க நோட்டை ஐந்தாம் நாள் மொட்டை மாடியில் வைத்துக் கொளுத்திவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாசனை என்று எட்டிப் பார்த்தார்.

இந்த வருஷ டைரி ஜனவரி 12-ஐத் தாண்டிவிட்டது. போன வாரக் குறிப்பு ஒன்று: "அண்ணனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் தூறல். பால் அரை லிட்டர்."