ஆரோவா, ஃப்ளாஷா: எதில் தொடங்குவது?

ஆரோ, ஃப்ளாஷ் முதலான சூப்பர்ஹீரோ டிவி தொடர்கள் ஒரே கதையுலகில் நடக்கும் ஆரோவெர்ஸ் பார்க்கலாம் என்று உட்கார்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

நீளம்: ஆரோ 8 சீசன், 170 எபிசோட், 2012இல் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்தது. ஃப்ளாஷ் 9 சீசன், 184 எபிசோட், 2014 முதல் 2023 வரை.

சுவை: ஆரோவில் இருட்டு, வில், பழிவாங்கல், தீவு நினைவுகள், முதல் இரண்டு சீசன் பிரமாதம், நான்காவதில் மந்திரம், மாயம் என்று போய்ச் சறுக்கியது. ஃப்ளாஷ் கலகலப்பு. அதன் முதல் சீசனை இன்றைக்கும் அலுக்காமல் பார்க்கலாம், அப்புறம் இழுவை.

முடிவு: இந்தத் தொடர்கள் ஒன்றுசேரும் ஐந்து பாகக் 'கிரைசிஸ்' கதையில் ஆரோவின் நாயகன் ஆலிவர் உயிரைக் கொடுக்க, அதற்குப் பின் ஆரோ முறையாக நிறைகிறது. ஃப்ளாஷ் ஒருவழியாகக் கடையைச் சாத்தியது, அவ்வளவுதான்.

நேரம் குறைவா? ஃப்ளாஷ் முதல் சீசன் போதும். மொத்த உலகமும் வேண்டுமென்றால் ஆரோவிலிருந்தே வாருங்கள். ஃப்ளாஷின் நாயகன் பேரி ஆலனே அதன் 2ஆம் சீசனில்தான் முதலில் தலைகாட்டுகிறார்.