கண்டியில் ஒருநாள் டைவிங் வகுப்பு: காற்றுக் கணக்குக்காகவே போகலாம்

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் டைவிங் சீசன் மே மாதம் சூடுபிடிக்கும். அதற்கு முன்னதாக ஒரு டைவிங் குழுவினர் கண்டியில் ஒருநாள் வகுப்பு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போனேன். ஓப்பன் வோட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கான வகுப்பு. காலையில் வெள்ளைப் பலகை, பின்னேரம் நீச்சல் தடாகம்.

நடத்திய சேர் திருகோணமலைக்காரர், முழுக்கத் தமிழில்தான் சொல்லித் தந்தார். "50 பார் மிச்சம் இருக்கும்போது மேலே வா" (பார் என்பது சிலிண்டரில் உள்ள காற்றின் அழுத்த அளவு) என்பதை டைவ் செய்யும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்போம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "தங்கச்சி, எந்த ஆழத்தில் 50?" என்பதுதான்.

அப்புறம் பலகையில் கணக்கு ஏறியது. கூட வருபவரின் காற்று நின்றுவிட்டது, இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லீற்றர், சேர்ந்து 40. ஆழம் 18 மீற்றர், அங்கே அழுத்தம் 2.8 பார், அதனால் காற்றும் 2.8 மடங்கு செலவாகும். நிதானிக்க ஒரு நிமிடம் என்றால் 112 லீற்றர் போய்விடும். நிமிடத்துக்கு 9 மீற்றர் வீதம் மேலே வர 2 நிமிடம், வழியில் சராசரி அழுத்தம் 1.9 பார், அதற்கு 152. பாதுகாப்புக்காக ஐந்து மீற்றரில் (1.5 பார்) 3 நிமிடம் தரித்து நிற்க 180. மொத்தம் 444 லீற்றர். வாடகைக்குக் கிடைக்கும் 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில், 11ஆல் வகுத்தால், இது சுமார் 40 பார். சரி, 50 போதும். அதே கணக்கை 30 மீற்றருக்குப் போட்டால் 670 லீற்றரைத் தாண்டுகிறது, 61 பார் வேண்டும். மனப்பாடமாக வைத்திருந்த 50 அங்கே பற்றாது. இதைச் சொல்லிக் கேட்பதை விட, கல்குலேட்டரைத் தட்டி அந்த விடையை நாமே பார்ப்பது வேறு விஷயம். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நங்கூரக் கயிற்றுக்கே திரும்பி வரவேண்டிய டைவ் என்றால், நிரம்பிய சிலிண்டரின் 200 பாரில், மேலே சொன்ன அவசரச் சேமிப்பைக் கழித்து மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். சேமிப்பு 60 என்றால் மிச்சம் 140, அதில் பாதி 70 செலவானதும், அதாவது 130இல், திரும்ப வேண்டும்.

தடாகத்தில் அவரவர் மூச்சை அளந்தோம். இரண்டு மீற்றரில் பத்து நிமிடம் நீந்தியதில் எனக்கு 20 பார் இறங்கியது, கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 18, 19 லீற்றர். கடலில் குளிரும் நீரோட்டமும் சேர்ந்தால் இது கூடும் என்றார். மட்டக்களப்புப் பக்கம் 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி ஒருவர் கேட்டார். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40, இந்த ஒற்றைச் சிலிண்டரோடு அந்தப் பேச்சே வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

குறை இரண்டு. தந்த கைநூல் முழுவதும் ஆங்கிலம், தமிழில் நடத்துபவர்கள் தமிழிலும் ஒரு தாள் தரலாம். மற்றது முக்கியமானது. டைவ் முடித்த கையோடு மலையேறுவது பற்றி ஐந்து நிமிடம்தான் பேசினார்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாக வரக்கூடும். விமானம் ஏற ஒரு டைவுக்குப் பின் 12 மணித்தியாலமும், பல டைவுகளுக்குப் பின் 18 மணித்தியாலமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். 600 மீற்றருக்கு மேல் வாகனத்தில் ஏறினாலும் அதே கவனம் வேண்டும். கண்டி அந்த உயரத்துக்குக் கீழே, அதனால் கண்டிக்காரருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868. ஞாயிறு காலை டைவ் செய்துவிட்டு இரவே வீடு திரும்பி, திங்கள் வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு இதற்கென்றே ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போகிறவர்கள் கல்குலேட்டரும் உலர்ந்த துவாயும் கொண்டு போங்கள். கைநூலில் உள்ள அட்டவணையை நம்பாமல், உங்கள் மூச்சு அளவை வைத்து 18, 24, 30 மீற்றர் மூன்றுக்கும் அங்கேயே கணக்குப் போட்டு சேரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.