பழைய மெயின்பிரேம் பிரிண்டரைப் பிசியோடு இணைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி காலை, எங்கள் தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் வாசலில் ஒரு மூத்த தொழிலாளி என்னைக் கூப்பிட்டுத் தன் சம்பளச் சீட்டைக் காட்டினார். கைக்கு வரும் தொகை இருக்க வேண்டிய கட்டத்தில் "-12,480.00" என்று இருந்தது. "மேடம், நான்தான் கம்பெனிக்குக் குடுக்கணுமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. நிஜமாகவே பயந்திருந்தார். அன்றைக்கு 780 பேரின் சீட்டிலும் அந்தக் கழித்தல் குறி இருந்தது. அதை அச்சடித்த ஏற்பாட்டுக்கு எங்கள் கம்பெனி ஜிஎஸ்டியோடு சேர்த்து 3,18,600 ரூபாய் கொடுத்திருந்தது.

அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஈடிபி, அதாவது கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை ஏமாற்றியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஒருவர் மட்டும்தான் இப்படி என்றும் நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலை அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆகிவிட்டது. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் ரிப்பன் மேல் தட்டி வரி வரியாக அடிக்கும் ஒரு லைன் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தது. நிமிடத்துக்கு 1000 வரி. மூன்று பிரதி கார்பன்லெஸ் படிவத்தில் சம்பளச் சீட்டு அடிப்போம். ஒரு சீட்டுக்கு 36 வரி, 780 பேருக்கும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். லேசர் பிரிண்டரில் மூன்று பிரதி ஒரே அடியில் வராது. புது லைன் பிரிண்டர் என்றால் லட்சக்கணக்கில் ஆகும். பழையதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் எங்கள் கட்டடத்தில் இருந்த மெயின்பிரேமை (கம்பெனி முழுவதுக்குமான பெரிய கம்ப்யூட்டரை) எடுத்துவிட்டு, வேலை முழுவதையும் வெளியூர் டேட்டா சென்டருக்கு மாற்றினார்கள். அதோடு பிரிண்டர் மாட்டியிருந்த 3174 கன்ட்ரோலரும் (மெயின்பிரேமுக்கும் பிரிண்டருக்கும் நடுவே இருக்கும் பெட்டி) எடைக்குப் போனது. அந்த லாரியில் எது போகிறது என்று நான் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பிரச்சினை இதுதான்: சம்பள ரிப்போர்ட் கோப்பாக எங்கள் பிசிக்கு வந்துவிடும். பிசியிலிருந்து அந்தப் பிரிண்டருக்கு எப்படி அனுப்புவது? இதற்குத்தான் ஆள் தேடினோம். வந்தவர் பிரிண்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "ஒரு கார்டு, ஒரு சாஃப்ட்வேர், ரெண்டு நாள் வேலை மேடம்" என்றார்.

கொட்டேஷன் இப்படி இருந்தது: கார்டு 1,35,000, மென்பொருள் 60,000, கேபிளும் இழுத்துத் தருவதும் 38,000, பொருத்தும் கூலி 25,000. எங்களிடம் இருந்த பிசியில் அந்தக் கார்டு உட்காராது, பழைய பிசிஐ ஸ்லாட் வேண்டும் என்று இன்னொரு பழைய பிசிக்கு 12,000. எழுபது சதவீதம் முன்பணம். மீதி, "பிரிண்டரில் பிரிண்ட் எடுத்துக் காட்டியதும்". அந்த ஒரு வரியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் அப்படியே விட்டதுதான் பின்னால் எங்கள் கையைக் கட்டிப்போட்டது.

கார்டைப் போட்டார். பிரிண்டர் அசையவில்லை. முதலில் பிரிண்டரின் லாஜிக் போர்டு போய்விட்டது என்றார், அதற்குத் தனியாக ஒரு கொட்டேஷன் தந்தார். நான் பேனலில் செல்ஃப் டெஸ்ட் கொடுத்தேன். எழுத்துகள் சாய்வாக நகர்ந்துபோகும் அந்தச் சோதனைப் பக்கம் அழகாக அடித்து வந்தது. பிரிண்டர் தன் வேலையைத் தானே செய்கிறதென்றால் கோளாறு பிரிண்டரில் இல்லை, அதற்கு விஷயம் வந்து சேரும் வழியில்தான் என்று சொன்னேன். "உங்களுக்கு இது புரியாது மேடம்" என்றார். பதினோரு வருடம் அந்தப் பிரிண்டரோடு இருந்திருக்கிறேன்.

அடுத்து கேபிள் மேல் பழி. பழைய கேபிளைப் பிடுங்கிவிட்டு அறுபது மீட்டருக்குப் புதுசு இழுத்தார். அப்போதும் அசைவில்லை.

இந்த நேரத்தில்தான், முன்பு எங்களுக்கு மெயின்பிரேம் சர்வீஸ் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு எஞ்சினியரை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். எழுபதைத் தாண்டியவர். வந்ததும் கேபிளைக் கையில் எடுத்து, டார்ச் அடித்து, அதன் மேல் தோலில் அச்சடித்திருந்ததைப் படிக்கச் சொன்னார். ஆர்ஜி-59 என்று இருந்தது. "இது கேபிள் டிவி ஒயரும்மா" என்றார். எங்கள் பிரிண்டர் போல மெயின்பிரேமோடு இணையும் 3270 வகைச் சாதனங்களுக்கு வேண்டியது ஆர்ஜி-62, அதன் மின்மறுப்பு (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை) 93 ஓம். டிவி கேபிள் 75 ஓம். முனையில் மாட்டும் பிஎன்சி கனெக்டர் வெளியே பார்க்க இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், திருகினால் இரண்டும் உட்காரும். பில்லில் ஆர்ஜி-62 விலை போட்டிருந்தது. விலையில் பல மடங்கு வித்தியாசம். தோலில் எழுதியிருப்பதைப் படிக்க யாருக்கும் தோன்றாது என்ற தைரியம்தான்.

அப்புறம் பிசியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் வாரன்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கிழித்தோம். கார்டைப் பார்த்த உடனே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது 3270 எமுலேஷன் கார்டு. பிசியை ஒரு டெர்மினலாக (மெயின்பிரேமோடு இணைந்த திரையும் கீபோர்டுமாக) நடிக்கவைத்துக் கன்ட்ரோலரோடு பேசவைக்கும் கார்டு. ஒரு காலத்தில் ஆபீஸ் ஆபீஸாக இருந்தது, இப்போது பழைய சாமான் கடைகளில் கிடைப்பது.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் மொத்த மோசடியும் இதற்குள்தான் இருக்கிறது. இந்தக் கோஆக்ஸ் கேபிள் ஏற்பாட்டில் கன்ட்ரோலர்தான் வாத்தியார். வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று பதில் மட்டும்தான் சொல்லும், தானாக வாய் திறக்காது. டெர்மினலும் பிள்ளை, பிரிண்டரும் பிள்ளை. விற்றவர் போட்ட கார்டும் ஒரு பிள்ளை. இரண்டு பிள்ளைகளை ஒரு ஒயரில் கட்டிவிட்டால், வாத்தியார் வருவார் என்று இரண்டும் ஆயுசுக்கும் காத்திருக்கும். எந்த டிரைவர் போட்டாலும், எந்தக் கேபிள் மாற்றினாலும் அது நடக்காது. நடக்காது என்று தெரிந்தேதான் விற்றாரா, தெரியாமலா என்று எனக்கு வெகுநாள் கேள்வி இருந்தது. லாஜிக் போர்டுக்குக் கொட்டேஷன் தந்ததை நினைக்கும்போது, தெரிந்தேதான் என்று நினைக்கிறேன்.

விற்றவரிடம் இதைக் கேட்டபோது மறுக்கவில்லை. "வேற வழியில முடிச்சுத் தரேன்" என்றார். எங்கள் பிரிண்டரின் பின்னால் கோஆக்ஸ் இணைப்போடு சாதாரண பேரலல் போர்ட்டும் (பிசியில் பிரிண்டர் மாட்டும் பழைய வகை இணைப்பு) இருந்தது. அதில் ஒரு கேபிளைச் செருகி, பிசியிலிருந்து கோப்பை அனுப்பினார். பிரிண்டர் ஓடியது! தாள் நிறைய @@@@@@@@ என்று வந்தது. நடுநடுவே புரியாத குறிகள்.

மெயின்பிரேம் ஒவ்வொரு எழுத்தையும் எப்சிடிக் என்ற முறையில் ஒரு எண்ணாக வைத்திருக்கும், பிசி ஆஸ்கி என்ற வேறு முறையில். எப்சிடிக்கில் காலி இடத்துக்கு உள்ள எண் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸில்) 40. ஆஸ்கியில் அதே 40 என்பது @. ரிப்போர்ட்டில் காலி இடம்தானே அதிகம்? அதனால்தான் தாள் முழுக்க @. இதைப் பார்த்தால் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். எழுத்து மாற்றம் நடக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.

"அதுக்குத்தான் சாஃப்ட்வேர்" என்று அறுபதாயிரம் ரூபாய் மென்பொருளைப் போட்டார். எழுத்து சரியானது. ஆனால் மெயின்பிரேம் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியின் முதல் இடமும் அச்சாவதற்கு உள்ளதல்ல. அது பிரிண்டருக்கான கட்டளை. 1 என்றால் அடுத்த பக்கம், காலி இடம் என்றால் ஒரு வரி, 0 என்றால் இரண்டு வரி, - என்றால் மூன்று வரி, + என்றால் முந்தைய வரியின் மேலேயே அடி. அந்த மென்பொருளில் இதற்கான அட்டவணையை அவர் கையால் அடித்தார். 1-ஐயும் 0-வையும் ஒழுங்காகப் போட்டார். - வந்தால் மூன்று வரி இறங்கச் சொன்னவர், அந்தக் குறியை நீக்கச் சொல்ல மறந்தார். எங்கள் சீட்டில் தலைப்புகள் எல்லாம் படிவத்திலேயே அச்சிட்டிருக்கும், எண்கள் மட்டும்தான் நாம் அடிப்பது. மூன்று வரி தள்ளி, இடது ஓரத்தில் வருவது கைக்கு வரும் தொகை, அதன் முன்னால் அந்தக் குறி ஒட்டிக்கொண்டது.

எங்களுக்கு டெமோ காட்டியது ஸ்டாக் ரிப்போர்ட்டில், வெள்ளைத் தாளில், ஐந்து பக்கம். அதில் மூன்று வரி இடைவெளியே கிடையாது. "பிரிண்ட் எடுத்துக் காட்டியாச்சு" என்று மீதி முப்பது சதவீதத்தையும் வாங்கிப் போனார். ஆர்டரில் அப்படித்தானே எழுதியிருந்தோம். 6ஆம் தேதி ராத்திரி சம்பளச் சீட்டு அடித்தோம். ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டிய அவசரம். மேலாகப் புரட்டிப் பார்த்தேன், அந்தக் கோடு என் கண்ணில் படவில்லை. காலையில் அந்தப் பெரியவர் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அவரிடமும் மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லாச் சீட்டையும் திரும்ப வாங்கினோம்.

அடுத்த மாதம் அதே மென்பொருள் திறக்கவே இல்லை. முப்பது நாள் சோதனைக்காலம் முடிந்தது என்று திரையில் வந்தது. அறுபதாயிரம் வாங்கிக்கொண்டு இலவச டிரையல் பதிப்பைப் போட்டிருந்தார். அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற எஞ்சினியரும் நானும் உட்கார்ந்து அதை முடித்தது ஒன்றரை நாளில். எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் மெயின்பிரேமிலிருந்து கோப்பை எடுக்கும்போது பைனரி என்று எடுத்தால் எப்சிடிக்காகவே வரும், ஆஸ்கி என்று எடுத்தால் அந்தப் பக்கமே மாற்றிக் கொடுத்துவிடும். அவ்வளவுதான். பைனரியாக எடுத்துவிட்ட பழைய கோப்புகளுக்கு லினக்ஸில் டிடி என்ற கட்டளையே எப்சிடிக்கை ஆஸ்கியாக மாற்றும். எங்கள் கோப்பில் ஒரு வரிக்கு 133 இடம்: ஒன்று கட்டளை, மீதி 132 அச்சாவது. அந்த முதல் எழுத்தைப் படித்து வரி இறக்கிவிட்டு, அதை நீக்கிவிடும் ஒரு சின்ன நிரலை எழுதினோம். பேரலல் கேபிள் ரிச்சி தெருவில் வாங்கியது. ரூபாய் ஆயிரத்தைத் தொடவில்லை.

இது எங்களுக்கு முடிந்ததற்குக் காரணம் எங்கள் பிரிண்டரில் பேரலல் போர்ட் இருந்தது. எல்லாவற்றிலும் இருக்காது. 3287 போன்ற பழைய பிரிண்டர்களில் கோஆக்ஸ் மட்டும்தான், அதற்குக் கன்ட்ரோலராகவே நடந்துகொள்ளும் பெட்டி வேண்டும். ஏஎஸ்/400 என்ற ஐபிஎம்மின் வேறு வகைக் கம்ப்யூட்டர் பக்கம் ட்வினாக்ஸ் கேபிள், அங்கேயும் வாத்தியார் கதைதான், ஆனால் கேபிளும் பெட்டியும் வேறு. 4245 மாதிரி நேரே மெயின்பிரேமின் சானலில் (அதன் நேரடி இணைப்பில்) மாட்டியவை என்றால் பஸ், டேக் என்று இரண்டு தடித்த கேபிள்கள் வரும், அதற்குச் சானலாக நடிக்கும் கார்டு தேவை. இந்த மூன்றையும் ஒரே கார்டு செய்யும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே அவரை அனுப்பிவிடுங்கள்.

கார்டு விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது கன்ட்ரோலராக வேலை செய்யுமா, டெர்மினலாகவா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். டிரைவர் உங்கள் விண்டோஸுக்கு உண்டா என்றும் கேளுங்கள். எங்களுக்கு வந்தது 32 பிட் டிரைவர், 64 பிட் விண்டோஸில் அது ஏறவே ஏறாது. பழைய பிசியை எங்கள் தலையில் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மீதிப் பணத்துக்கான நிபந்தனையாக, உங்களுடைய மிகச் சிக்கலான ரிப்போர்ட், உங்கள் படிவத்தில், முழு எண்ணிக்கையும், உங்கள் ஆள் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்த பிறகு என்று எழுதுங்கள். லைசென்ஸ் உங்கள் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று பலர் கேட்டார்கள். தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு அந்த வழி பொதுவாக இல்லை. 1986 சட்டத்திலும் சரி, 2019 சட்டத்திலும் சரி, வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வருவதில்லை. தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்குத்தான் விலக்கு. எங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். "பிரிண்ட் எடுத்துக் காட்டப்பட்டது, ஆர்டர் நிறைவேற்றப்பட்டது" என்று பதில் வந்தது. பில்லிலும் "பிசி இன்டர்ஃபேஸ் கிட்" என்று மட்டும்தான் இருந்தது, எந்தக் கார்டு, எந்த மென்பொருள் என்று ஒரு வார்த்தை இல்லை. நிர்வாகம் அதோடு விட்டுவிட்டது.

அந்தக் கார்டும் அறுபது மீட்டர் கேபிளும் இன்னும் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. கார்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு யாராவது இப்படி ஒன்றை விற்க வந்திருந்தால், பணம் கொடுக்கும் முன் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்து அன்றைக்கே பதில் சொல்கிறேன்.