ஊட்டிக் குளிரில் ஹோமியோ உருண்டை: பீரியட்ஸுக்கு முந்தைய வாரத் தொல்லையோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. மாதவிடாய்ச் சுற்று சராசரியாக 28 நாள். பிஎம்எஸ், அதாவது பீரியட்ஸுக்கு முன்னால் வரும் உடல், மனத் தொல்லை, தலைகாட்டுவது அதன் பின்பாதியில், பெரும்பாலும் கடைசி ஒரு வாரத்தில். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் லீவோ மூன்று வாரம். மலையேறி மருந்து வாங்கி, அது கேட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு முழுச் சுற்றுகூடக் கையில் இருக்காது. ஹோமியோபதியில் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. நீலகிரியில் ஒரு டாக்டரைப் பார்க்க முடிவு செய்தவர்கள் டிக்கெட் போட்ட அன்றைக்கே நாட்குறிப்பைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டு சுற்றாவது பதிவாகியிருக்க வேண்டும்.

நாட்குறிப்பு என்றால் கதை எழுதுவதில்லை. உங்களைப் படுத்தும் நாலைந்து தொல்லைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எரிச்சல், அழுகை, மார்பு வலி, வயிறு உப்புசம், தூக்கக்கேடு. ஒவ்வொன்றுக்கும் தினமும் இரவு ஒரே நேரத்தில் 1 முதல் 6 வரை மதிப்பெண்; 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் மிகக் கடுமை. இரத்தம் வந்த முதல் நாளைச் சிவப்பில் குறியுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் பீரியட்ஸுக்கு முந்தைய ஏழு நாளையும், தொடங்கிய ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முந்தையது உயர்ந்தும் பிந்தையது தாழ்ந்தும் இருந்தால் பிஎம்எஸ். மாதம் முழுக்க ஒரே உயரத்தில் இருந்தால் அது வேறு ஏதோ: மனச்சோர்வு, தைராய்டு, இரத்தசோகை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மெனோபாஸுக்கு முந்தைய மாற்றம். விமானம் இறங்கிய முதல் நாலைந்து நாள் தூக்கம் தலைகீழாக இருக்கும். அந்த நாட்களுக்குப் பக்கத்தில் பயணத்துக்கு 'ப' என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஜெட் லேகை பிஎம்எஸ் என்று கணக்கெழுதிவிடுவோம்.

மலையேறுவது பற்றிச் சுருக்கமாக. கோயம்புத்தூரில் வாடகைக் கார் எடுத்தால் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் வாகன அனுமதி, வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரிந்தால் அன்றைய அப்பாயின்ட்மென்ட் போயிற்று. சின்ன ஊர் கிளினிக்குகளில் டாக்டர் எல்லா நாளும் உட்காருவார் என்று நினைக்க வேண்டாம், போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊட்டிக்கு அருகே எமரால்டில் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலிகை ஆய்வு மையம் ஒன்று உண்டு. ஹோமியோ மருந்துக்கான செடிகளை வளர்க்கிற இடம் அது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு, கேட்காமல், நோயைக் காட்ட அங்கே போய் நிற்காதீர்கள்.

டாக்டரிடம் பார்க்க வேண்டியது பிஹெச்எம்எஸ் என்ற ஹோமியோபதி மருத்துவப் பட்டமும் பதிவு எண்ணும். படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஒரு ஆண்டு. தமிழ்நாடு ஹோமியோபதி மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்றால் சீட்டில் அந்த எண் இருக்கும். "எங்க ஊரு ஆளு, நல்லா மருந்து கொடுப்பாரு" என்று அத்தை சொல்வது பதிவு எண் ஆகாது.

முதல் சந்திப்பு முக்கால் மணி நேரம், சில இடத்தில் ஒரு மணி நேரம்கூடப் போகும். பத்து நிமிடத்தில் அனுப்பிவிடும் வெளிநாட்டு டாக்டரிடம் பழகியவர்களுக்கு இதுவே பாதி மருந்து. கேள்விகளும் வேறு மாதிரி இருக்கும். தாகம் எடுக்குமா, உப்பு பிடிக்குமா, இனிப்பா, கழுத்தை இறுக்கும் ஸ்வெட்டர் போட முடியுமா, அழும்போது யாராவது தேற்றினால் ஆறுதலா எரிச்சலா, குளிர் தாங்குமா வெயில் தாங்குமா. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பதில்களை வைத்துத்தான். மலையில் இருக்கும்போது 'குளிர் தாங்குமா' என்றால் உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள். துபாயிலிருந்து வந்து ஊட்டியில் நடுங்குவது உடல்வாகு ஆகாது.

பிஎம்எஸ்ஸுக்கு அடிக்கடி எழுதப்படும் மருந்துகள் ஐந்து. கணவாய் மீனின் மையிலிருந்து செய்யும் செபியா: குடும்பத்தின் மேலேயே பற்று விட்டுப்போய், அடிவயிறு கீழே இழுப்பதுபோல் இருந்து, உடம்பு வேர்க்க வேலை செய்தால் தேறுகிறவர்களுக்கு. பல்சட்டில்லா ஒரு ஐரோப்பியக் காட்டுப் பூ: பொலபொலவென்று அழுது, ஆறுதல் தேடி, வெளிக்காற்றில் தெளிகிறவர்களுக்கு. நேட்ரம் மூர் நம் சாப்பாட்டு உப்புதான்: துக்கத்தை அடக்கிக்கொண்டு, தேற்ற வந்தவர் மேல் எரிந்து விழுந்து, உப்பைத் தேடுகிறவர்களுக்கு. எட்டிக்கொட்டையிலிருந்து நக்ஸ் வாமிகா: கோபம், மலச்சிக்கல், வேலைப் பளு, காபி. ஐந்தாவது லேக்கசிஸ், தென் அமெரிக்கப் புஷ்மாஸ்டர் பாம்பின் நஞ்சு: வாயாடித்தனம், சந்தேகம், கழுத்தில் துணி பட்டால் ஆகாது, இரத்தம் வந்ததும் எல்லாம் தணிந்துவிடும்.

அந்தக் கடைசிக் குறியில் கொஞ்சம் நில்லுங்கள். இரத்தம் வந்ததும் தணிவது பிஎம்எஸ்ஸின் இலக்கணமே. அதை ஒரு மருந்தின் தனிக்குறியாக வைத்தால், வருகிற எல்லோரும் பாதி லேக்கசிஸ் ஆகிவிடுவார்கள். அதேபோல், மருந்து சாப்பிட்ட மூன்றாம் நாள் பீரியட்ஸ் வந்து மனசு லேசானால் பெருமை உருண்டைக்குப் போகிறது. உருண்டை இல்லாமலும் அந்த நாள் லேசாகத்தான் இருந்திருக்கும். தாங்க முடியாத மாதத்தில்தான் டாக்டரிடம் போகிறோம், அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் குறைவது இயல்பு. நாட்குறிப்பை இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

வீரியம், கடைப்பேச்சில் 'பவர்', என்ன என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 30சி என்றால் ஒரு பங்கை நூறு பங்காகக் கரைத்துக் குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறாக்கி, இப்படி முப்பது முறை. 6சியிலேயே ஒரு சொட்டு மருந்துக்கு ஐந்து கோடி லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வருகிறது. 12சிக்கு வங்கக் கடல் முழுவதும் பற்றாது. அதைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஹோமியோபதி டாக்டர்களுக்கும் இது தெரியும். குலுக்குவதில்தான் வீரியம் ஏறுகிறது என்பது அவர்கள் நிலை. வேதியியல் அதை ஏற்பதில்லை. மதர் டிங்சர் கதை வேறு. பாட்டிலில் 'க்யூ' என்று போட்டிருக்கும். அதில் மூலிகைச் சாறும் ஆல்கஹாலும் நிஜமாகவே உண்டு. அசோகப்பட்டையிலிருந்து செய்யும் டிங்சரை மாதவிடாய்க் கோளாறுக்கென்று எழுதித் தருவார்கள். கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும், ஆல்கஹால் ஆகாதவர்களும் 'க்யூ' என்ற எழுத்தைக் கண்டால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆய்வு உண்டா என்றால் உண்டு, சின்னது. இஸ்ரேலில் 20 பெண்களை வைத்து நடத்திய ஒரு முன்னோட்ட ஆய்வு 2001இல் வெளியானது; மேலே சொன்ன ஐந்து மருந்துகளில் பொருந்துவதைக் கொடுத்தார்கள். 30 சதவீதத்துக்கு மேல் தேறியவர்கள் மருந்துக் குழுவில் 90 சதவீதம், மருந்தில்லாத வெற்று உருண்டைக் குழுவில் 37.5 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழுவுக்கு எட்டு, பத்துப் பேர் என்ற அளவில் ஒருத்தியின் பதில் மாறினாலே சதவீதம் பத்துப் புள்ளியாவது ஆடும். நோய்களையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஆஸ்திரேலிய அரசு மருத்துவ ஆய்வுக் குழுமம், ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பகமாகச் சொல்ல எந்த நோய்க்கும் சான்றில்லை என்று 2015இல் சொல்லிவிட்டது. 2017இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸும் அதை எழுதித் தர வேண்டாம் என்றது. லண்டனில் என்ஹெச்எஸ்ஸில் கிடைக்காதது குன்னூரில் கிடைக்கிறது என்று மகிழ்வதற்கு முன் இதையும் மனதில் வையுங்கள்.

வெற்று மாத்திரைக்கே பிஎம்எஸ் நன்றாக இறங்கும் என்பது இன்னொரு செய்தி. 1998இல் வெளியான சுண்ணாம்புச்சத்து ஆய்வில் 466 பெண்கள். தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் சாப்பிட்டவர்களுக்கு மூன்றாம் சுற்றில் தொல்லை 48 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரைக்கு 30 சதவீதம். கால்சியத்தின் பலன் இடையிலுள்ள அந்தப் பதினெட்டு. எந்த மருந்தையும் இந்த முப்பதைக் கழித்துவிட்டுத்தான் மெச்ச வேண்டும்.

ஒரு பெயர்க் குழப்பம். அக்னஸ் காஸ்டஸ் நம் ஊர் நொச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதன் பழச்சாற்று மாத்திரை, நாளுக்கு 20 மில்லிகிராம், 2001இல் 170 பெண்களிடம் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரையை வென்றது. அதே பெயரில் ஹோமியோ கடையில் 30சியும் இருக்கிறது. பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்றல்ல. அந்த ஆய்வைக் காட்டி இந்த உருண்டையை விற்றால் வாங்காதீர்கள். நொச்சி இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும் அதற்கு ஈடில்லை.

இனி மருந்து கைக்கு வரும் இடம். கிளினிக்கிலேயே சின்னக் குப்பியில் உருண்டை போட்டு, மேலே ஒரு எண்ணையோ 'காலை – மாலை' என்பதையோ மட்டும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. இதை ஏற்காதீர்கள். "டாக்டர், நான் வெளிநாடு போறேன், மருந்துப் பேரும் பவரும் சீட்டுல எழுதிக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். கொடுக்க மறுத்தால் அந்த மருந்து உங்களுக்கு வேண்டாம். கம்பெனி சீல் உள்ள பாட்டிலாகக் கடையில் வாங்குவது இன்னும் நல்லது. திரவ மருந்து பெரிய பாட்டிலில் கிடைக்காது. ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தாண்டினால் சில்லறையில் 30 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்பது விதி. விமானத்துக்கு உருண்டைதான் வசதி, வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. உருண்டை கரும்புச் சர்க்கரை, ஆனால் மாத்திரை வடிவத்தில் வருவது பால் சர்க்கரை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாங்கும்போதே கேளுங்கள்.

பத்தியம் சொல்வார்கள்: காபி, கற்பூரம், புதினா, யூகலிப்டஸ் கூடாது, மருந்தை முறித்துவிடும் என்று. நீலகிரியில் இதைக் கடைப்பிடிப்பது வேடிக்கை. ரோட்டோரக் கடைக்குக் கடை யூகலிப்டஸ் தைலப் பாட்டில் அடுக்கியிருக்கும், ஜலதோஷம் என்றதும் பாட்டி அதைத்தான் நெஞ்சில் தேய்ப்பாள். முறிக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் காபியைக் குறைப்பது தூக்கத்துக்கும் படபடப்புக்கும் நல்லதே. வர்க்கியும் டீயும் நாளுக்கு ஐந்து முறை என்று போவதைவிட, தேயிலைத் தோட்டப் பாதையில் அரை மணி நேரம் வேகமாக நடப்பது பிஎம்எஸ்ஸுக்கு உதவும். இதைச் சொல்ல எந்த டாக்டரும் பீஸ் கேட்க மாட்டார்.

சிக்கல் வருவது பெரும்பாலும் உருண்டையால் இல்லை, உருண்டைக்காக நிறுத்திவிடும் மருந்தால். மனச்சோர்வுக்கான ஃப்ளூஆக்செட்டினோ செர்ட்ராலினோ சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், படபடப்பு வரலாம். விட்ட மனச்சோர்வு திரும்பலாம். கருத்தடை மாத்திரையை நடுவில் நிறுத்தினால் கர்ப்பம். "இதைத் தொடங்கினால் அதை நிறுத்து" என்று சொல்கிற இடத்தில் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். தொல்லை கூடினால் "மருந்து வேலை செய்யுது, அதான் கிளப்புது" என்ற பதிலும் வரும். அதற்கு ஒரு சுற்றுக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள்.

பிஎம்எஸ்ஸின் கடுமையான வகைக்கு பிஎம்டிடி என்று பெயர், 2013இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் தனி இடம் பெற்றது. அதற்கு மேலே சொன்ன மனச்சோர்வு மாத்திரைகள்தான் முதல் வரிசை. பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் சாப்பிடும் முறையும் உண்டு, சில நாளிலேயே பலன் தெரியும். இந்தியாவில் இவை டாக்டர் சீட்டுக்குத்தான் கிடைக்கும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, மனநலப் பிரிவு இரண்டிலும் நாட்குறிப்பைக் காட்டலாம். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் சோதனையும் முடித்துக்கொண்டு ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மாதமும் அந்த வாரத்தில் சாக வேண்டும்போல் தோன்றினால் எந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்காதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். இந்திய சிம் கையில் இருக்கட்டும். மார்பில் ஒரு பக்கம் மட்டும் கட்டி, சுற்றுக்கு நடுவே இரத்தப்போக்கு, பீரியட்ஸ் முடிந்தும் குறையாத வலி ஆகியவை பிஎம்எஸ் கணக்கில் வராது. அதற்கு உருண்டை வாங்கி நாளைக் கடத்தாமல் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள்.

மருந்து வாங்கியாயிற்று என்றால் திரும்பிப் போன பிறகும் நாட்குறிப்பை இன்னும் இரண்டு சுற்று எழுதுங்கள். அதே நாலைந்து தொல்லை, அதே 1 முதல் 6, புது ஊர் நேரப்படி அதே இரவு நேரம். பழைய இரண்டு சுற்றையும் புதிய இரண்டையும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் வாட்ஸ்ஆப்பில் பவரை ஏற்றிக் கேட்டு அடுத்த பார்சலுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.