நிலத்தடி பெட்ரோல் தொட்டி: ஏடிஜியா, இரட்டைச் சுவர் சென்சாரா?

மண்ணுக்கு அடியில் இருக்கும் தொட்டி கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் வாடை வரும்போது காலம் கடந்திருக்கும்.

ஏடிஜி என்னும் தானியங்கி அளவுமானி, எரிபொருள் மட்டம், அடியில் தேங்கிய தண்ணீர், வெப்பநிலை மூன்றையும் பார்க்கும். இருப்புக் கணக்குக்கும் உதவும். ஆனால் கசிவை அது கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. அமெரிக்க விதிப்படி மாதச் சோதனையில் மணிக்கு 0.2 காலன் கசிவை அது பிடிக்க வேண்டும். அதுவே ஒரு நாளைக்குச் சுமார் 18 லிட்டர்! அப்புறம் வெப்பம்: ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே 10,000 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 10 லிட்டர் விரியும்; சின்னக் கசிவு அதில் மறைந்துவிடும். அதனால் விற்பனை நின்ற இரவு நேரச் சோதனையே நம்பகமானது.

இரட்டைச் சுவர்த் தொட்டியில் சுவர்களுக்கு நடுவே சென்சார் இருக்கும். உள்சுவர் விட்டால் பெட்ரோல் மண்ணைத் தொடும் முன்பே அலாரம் அடிக்கும். வெளிச்சுவர் ஓட்டையானால், உள்ளே வரும் நிலத்தடி நீரும் காட்டிக்கொடுக்கும். 2016 ஏப்ரல் 11-க்குப் பிறகு பதித்த தொட்டிகளுக்கு அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கியது சரியான முடிவு.

புதிதாகப் பதிப்பவர்கள் செலவு பார்க்காமல் இரட்டைச் சுவருக்கே போகலாம். பழைய ஒற்றைச் சுவர்த் தொட்டி என்றால் ஏடிஜி போதும், அலாரத்தை யாரும் அணைத்துவிட்டுப் போகாதவரை.