தம்ப் ஸ்டட் மாற்றக் கொடுத்த மடக்குக் கத்தி: திரும்ப வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

மடக்குக் கத்தியின் தம்ப் ஸ்டட்டை (கட்டைவிரலால் தள்ளித் திறக்க பிளேடின் இரு பக்கமும் நிற்கும் சிறு குமிழ்) கழற்றி வேறொன்று மாட்ட இரண்டு திருப்புளியும் ஒரு சொட்டு திரெட்லாக்கரும் (திருகு தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) கொஞ்சம் பொறுமையும் போதும். அந்தச் சின்ன வேலைக்குக் கொடுத்த ஒரு கத்தி எப்படித் திரும்பி வந்தது தெரியுமா? ஸ்டட்டைச் சுற்றி பிளேடில் பழுப்பும் நீலமுமாக ஒரு வளையம். புது ஸ்டட்டின் ஒரு பாதி விரலால் தொட்டாலே சுழல்கிறது, அதன் ஓரத்தில் எபாக்சி பசை பிதுங்கி நிற்கிறது. திறந்து பூட்டினால் பிளேடு மேலும் கீழும் ஆடுகிறது. சீட்டில் மட்டும் "ஒரிஜினல் பாகம் மாற்றப்பட்டது" என்று இருந்தது.

முதலில் அந்த வளையம், ஏனென்றால் அதற்குத்தான் மருந்தே கிடையாது. தயாரிப்பாளர்கள் ஸ்டட்டின் மரையில் பெரும்பாலும் திரெட்லாக்கர் போட்டே முடுக்குகிறார்கள். திருப்புளிக்கு அசையவில்லை என்றதும் கேஸ் டார்ச்சைக் காட்டியிருக்கிறார்கள். மடக்குக் கத்தியின் பிளேடு பொதுவாக ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 58 முதல் 62 வரை கடினப்படுத்தப்பட்டது. பல உருக்குகளுக்கு அந்தப் பதத்தை நிலைப்படுத்தியதே 150 முதல் 250 டிகிரி செல்சியஸுக்குள்தான். டார்ச் சுடர் அந்த எல்லையைச் சில நொடிகளில் தாண்டிவிடும். கார்பன் உருக்கில் சுமார் 300 டிகிரியில் நீலம் ஏறும்; ஸ்டெயின்லெஸ்ஸில் அதே நிறம் வர இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆகவே ஸ்டெயின்லெஸ் பிளேடில் நீலம் தெரிந்தால் நிலைமை மோசம். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், போன பதம் திரும்பாது. ஸ்டட்டைச் சுற்றி மட்டும் புதிதாக உப்புத்தாள் போட்ட பளபளப்பு இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அசையாத ஸ்டட்டுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு சால்டரிங் அயர்ன். பிளேடின் கூர்மையில் டேப் ஒட்டி, ஈரத்துணி சுற்றி, அயர்னின் நுனியை ஸ்டட்டின் தலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்தால், நடுத்தர வலிமையுள்ள நீல வகை திரெட்லாக்கர் இளகிவிடும். பிறகு இரண்டு பக்கமும் திருப்புளி. ஸ்டட் இரண்டு பாதிகளாக இருக்கும்: ஒன்றில் ஆண் மரை, மற்றொன்றில் பெண் மரை. ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் இரண்டும் சேர்ந்து சும்மா சுற்றும். தலையில் டி6 டார்க்ஸ் (நட்சத்திர வடிவப் பள்ளம்) இருக்கும் இடத்தில் 1.5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழைவதுபோலத் தோன்றும். நுழைத்தால் பள்ளம் வழுக்கிப் போகும், அதன்பின் டிரில் போடத் தோன்றும். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் பள்ளமே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் தோல் துண்டு சுற்றிக் குறடால் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் பள்ளம் இல்லையென்றால் அது அழுத்திப் பொருத்திய வகையாக இருக்கலாம். அதை வைஸில் வைத்துச் சுத்தியால் தட்டுபவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

எபாக்சி எதற்கு வந்தது? மரை சேரவில்லை, அதை மறைக்க. இந்த ஸ்டட்டுகளில் மெட்ரிக், அங்குலம் இரண்டு மரைகளும் உண்டு. அங்குல வகையான 4-40 திருகு 2.84 மி.மீ. விட்டம், 0.635 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையிலான தூரம்), மெட்ரிக் வகையான எம்3 என்பது 3 மி.மீ., 0.5 பிட்ச். 4-40 ஆணை எம்3 பெண்ணில் விட்டால் ஓரிரு சுற்று போய் இறுகும். "நன்றாக முடுக்கியாகிவிட்டது" என்று நினைக்க வைக்கும், அதற்குள் மரை நசுங்கியிருக்கும். அங்குல வகை 2-56-ம் மெட்ரிக் எம்2-வும்கூட ஒன்றோடொன்று சேராது. ஒரு பாதி மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டு பாதியும் ஜோடியாகவே வர வேண்டும்.

ஆட்டம்தான் கைக்கு ஆபத்து. பல கத்திகளில் ஸ்டட் வெறும் விரல்பிடி அல்ல. திறந்த பிளேடு நிற்பதே அது கைப்பிடியின் விளிம்பில் மோதுவதால்தான். சோதிப்பது எளிது: முழுக்கத் திறந்து பூட்டி, ஸ்டட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு தாளை விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் உள்ளே தனியாக ஸ்டாப் பின் (திறந்த பிளேடை நிறுத்தும் சிறு கம்பி) இருக்கிறது. நுழையாவிட்டால் ஸ்டட்டே ஸ்டாப். அங்கே விட்டம் 0.4 மி.மீ. குறைந்தாலே மோதும் இடம் 0.2 மி.மீ. தள்ளிப்போகும், பிளேடு கூடுதலாகத் திறக்கும், பூட்டு தன் இடத்தில் இறுகாமல் ஆட்டம் வரும். விட்டம் கூடினால் இன்னும் மோசம்: பூட்டு அரைகுறையாக விழும், அழுத்தினால் விரல்மேல் மடங்கும். இந்த வகையில் ஸ்டட்டை எடுத்துவிட்டு வெறுமனே விடவே கூடாது. மூடும்போதும் சில கத்திகளில் ஸ்டட்தான் பிளேடைத் தடுக்கிறது. இல்லாவிட்டால் கூர்மை பின்பக்கத் தடுப்பில் இடித்து மழுங்கும்.

ஆகவே கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஸ்டட்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். பழைய ஸ்டட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். டிரில் போட்டு எடுத்தவரால் அதை முழுசாகத் தர முடியாது. மாட்டும்போது மரையை அசிட்டோனால் துடைத்து, பல்குச்சி நுனியில் நீல வகை திரெட்லாக்கரைத் தொட்டு ஆண் மரையில் மட்டும் வைக்க வேண்டும். அது வழிந்து பிவட்டுக்குள் (பிளேடு சுழலும் அச்சு) போனால் பிளேடே இறுகும். முழு வலிமை வர 24 மணி நேரம் ஆகும். சிவப்பு வகையை இந்த அளவுத் திருகில் போடச் சம்மதிக்காதீர்கள். அதைப் பிரிக்கச் சுமார் 250 டிகிரி வேண்டும், மறுபடி அதே வளையம்தான்.

ஏற்கெனவே எபாக்சி போட்டு வந்துவிட்டதா? பிளேடைத் தனியே கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் வையுங்கள். சாதாரண எபாக்சி அந்தச் சூட்டில் இளகும், பதத்துக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டட் வந்ததும் பிளேடில் உள்ள துளையைப் பாருங்கள். வட்டம் சிதைந்திருந்தாலோ, பெரிதாக்கியிருந்தாலோ எந்த ஸ்டட்டும் அதில் நிற்காது. அப்போது கேட்க வேண்டியது கூலியைத் திருப்பி அல்ல, புது பிளேடை.