பிள்ளை வயிறு நிறையக் குடிக்க: பக்கம் மாற்றுவதா, பாலாடையா, புட்டியா?

தங்கை மகள் பிரசவத்துக்கு மன்னார்குடி வந்திருந்தாள். பிள்ளைக்கு 25 நாள். ஐந்து நிமிஷம் குடித்ததும் அசந்துவிடும். கீழே போட்டால் அரை மணியில் வீறிட்டு அழும். "பால் பத்தலம்மா, ஒரு வேளை புட்டிப்பால் குடு" என்றார் சம்பந்தியம்மா. சீர்வரிசையில் வந்த, பால் புகட்டும் மூக்கு வைத்த வெள்ளிப் பாலாடையை எடுத்து வைத்தாள் என் அம்மா.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தங்கை மகள் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள். "அப்பதானே ரெண்டு பக்கமும் பால் கட்டாம இருக்கும் பெரியம்மா?" என்றாள்.

முதலில் வரும் பால் நீர்த்திருக்கும்; மார்பு காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு கூடும். பாதியில் மாற்றினால் அந்தக் கெட்டிப்பால் பிள்ளைக்குக் குறைவாகவே போகும். அதனால் ஒரு பக்கத்தை முழுக்கக் குடிக்கவிடுவதுதான் என் கட்சி. துணியை விலக்கிப் பிள்ளையை மார்போடு அணைத்தோம். வாயை அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கியபடி பிடிக்க வைத்தோம். உறிஞ்சுவது தளரும்போது மார்பை மெல்ல அழுத்தினாள், 'க்... க்...' என்று விழுங்கும் சத்தம் மறுபடி கேட்டது. இறுக மூடியிருந்த குட்டிக் கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. தானாக விட்ட பிறகு ஏப்பம் எடுத்து மறுபக்கம் கொடுத்தாள். ஓயாமல் தூங்கிவழியும் பிள்ளையை எழுப்ப மட்டும் பக்கம் மாற்றுவது உதவும்.

புட்டியா பாலாடையா என்றால், பாலாடைதான். புட்டியில் சிரமமில்லாமல் பால் இறங்குவதால் சில பிள்ளைகள் மார்பில் முரண்டு பிடிக்கும். மாவுப்பால் புகட்டினால் மார்பில் கேட்பது குறையும், சுரப்பும் குறையும். பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம்: பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, அது நக்கி விழுங்கும் வேகத்தில் சாய்க்க வேண்டும், ஊற்றக் கூடாது. கொஞ்சம் சிந்தும். பூவேலை செய்த வெள்ளியில் இடுக்கெல்லாம் பால் படியும். மழமழப்பான எவர்சில்வரைக் கழுவிக் கொதிக்க வைப்பது லேசு.

அக்னி நட்சத்திரமானாலும் ஆறு மாதம்வரை தண்ணீர் வேண்டாம், உரமருந்தும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் குடிப்பதும், சாயங்காலம் அடிக்கடி கேட்பதும் இயல்புதான், பால் பத்தாததன் அடையாளமல்ல. இந்த வயதில் 24 மணி நேரத்தில் ஆறு தரத்துக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, எடை ஏறாவிட்டாலோ, குடிக்கவே எழாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.